ஓடுவதற்குச் சம்பளம்

என் தம்பி காலமான மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர், விசாரிக்க வேண்டியதை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டு, இந்த ஊரில் விளையாட்டை வளர்த்தவன் நான் என்று என்னை அரைமணி நேரம் பாராட்டிவிட்டுப் போனார். அதை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுப்பை இப்போது எழுதுகிறேன். என் வழக்கப்படி, காலங்கடந்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் தேசிய ஒலிம்பிக் கமிட்டியிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதுவரை எங்கள் ஊரில் பந்தயம் என்பது ராணுவத்தாருக்குள்ளோ கிளப்புகளுக்குள்ளோ நடப்பது. மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கமிட்டி வேறொன்றைக் கேட்டது. ஊருக்கு ஊர் ஒரு சங்கம் இருக்கவேண்டும். தூரத்தைச் சங்கிலியால் அளக்கவேண்டும், நேரத்தைக் கடிகாரத்தால் குறிக்கவேண்டும். வேகமாக ஓடுபவர் எவராக இருந்தாலும் தேசியத் தேர்வுப் பந்தயத்துக்கு அனுப்பவேண்டும். அதைவிட நியாயமான காகிதத்தை நான் அதிகம் படித்ததில்லை.

உடனே சங்கம் அமைத்தோம். ஓய்வுபெற்ற ராணுவ டாக்டர் ஒருவர் தலைவர். துணைத்தலைவர்கள் மூவர். கௌரவக் காரியதரிசி நான். கல்லூரியில் தர்க்கம் கற்பித்துவந்த நான் வாழ்நாளில் ஓடியது ஒரே முறை, மைசூர் ரயிலுக்காக. அதையும் பிடிக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன்; அந்தத் தகுதி போதும் என்றார்கள். எட்டு மாதத்தில் பெயர் அச்சிட்ட காகிதமும், ரப்பர் முத்திரையும், எனக்கே முழுதும் விளங்காத விதிமுறைகளும் எங்களிடம் சேர்ந்துவிட்டன. ஓடுவதற்கு ஆள்தான் இல்லை.

ஆள் காக்ஸ் டவுனில், என் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து கால்மணி நடையில் இருந்தான். மெட்ரிக்குலேஷனில் இரண்டு முறை தவறிய என் தம்பி, தபாலாபீஸில் ரன்னர். தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் போகாத ஒரு கிராமத்துக்கு ஆறு மைல் ஓடி, அங்கிருக்கும் பையை எடுத்துக்கொண்டு ஆறு மைல் திரும்பி ஓடுவது அவன் உத்தியோகம். கேட்பவர்களிடம், “தம்பி தபால் இலாகாவில் இருக்கிறான்” என்பேன். அதில் பொய்யில்லை. பொய்யில்லாமல் மறைப்பதற்கு ஒருவன் தர்க்கம் படித்திருக்க வேண்டும்.

அவனைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தவனும் நான் அல்லன். டாக்டருடைய ஜட்காவை ஒருநாள் அவன் முந்திக்கொண்டு போயிருக்கிறான். மறு சனிக்கிழமை அவனை மைதானத்துக்கு வரச்சொன்ன டாக்டர், அவன் என்னைப் பார்த்து “அண்ணா” என்றதும் திடுக்கிட்டார்.

“உங்க தம்பியா? ஏன் ஸார் சொல்லவேயில்ல?”

“தபால் இலாகாவில்…” என்று தொடங்கினேன். அதற்குள் அவன் ஓடத் தொடங்கியிருந்தான்.

வெறுங்காலோடு மூன்று மைல். முடிந்ததும் டாக்டர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். “வாட்ச் சரியாத்தான் ஓடுது ஸார். இவன்தான் அநியாயத்துக்கு ஓடறான்.”

அன்று மாலை தேர்வுப் பந்தயத்துக்கான படிவத்தோடு என் மேஜைக்கு எதிரே தம்பி உட்கார்ந்தான். அவன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை, அன்று கேட்டான்.

“என்னை எப்படியாவது அனுப்பிடுங்கண்ணா. மெடல் எல்லாம் வேணாம். நான் இதுவரைக்கும் யார்கூடவும் ஓடினதில்ல. பக்கத்துல ஒருத்தன் மூச்சு வாங்கறத கேட்டுக்கிட்டே ஓடணும், அவ்ளோதான்.”

எழுதிக்கொண்டே வந்தேன். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

“என்ன போடப் போறீங்க? தபால் இலாகாவா?” என்று சிரித்தான்.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தச் சிரிப்பைத் தாங்கமாட்டாமல், பேனாவை நன்றாக மையில் தோய்த்து, ‘ரன்னர்’ என்று பெரிய எழுத்துகளில் எழுதினேன். தம்பியைப் பற்றி முதல்முறையாக முழு உண்மையை எழுதிவிட்ட பெருமிதத்தில், அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரத்தில் கமிட்டி அலுவலகத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. ஒலிம்பிக் பந்தயங்கள் அமெச்சூர்களுக்கு மட்டுமே, அதாவது விளையாட்டால் காசு சம்பாதிக்காதவர்களுக்கு மட்டுமே உரியவை. இவருடைய தொழிலே ஓட்டம் என்று படிவத்தில் இருக்கிறது. இவர் தபால் ஊழியர்தானா என்று தெரிவித்தால் போதும். எழுதியவருக்கு அவனைச் சேர்த்துக்கொள்ளவே விருப்பம் என்பது அந்தக் கடைசி வரியிலேயே தெரிந்தது. ‘ஆம்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அவன் போயிருப்பான்.

நான் நான்கு பக்கம் எழுதினேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “நாலு பக்கமா? என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயி எங்கப்பாவுக்கு நீங்க எழுதினதே அரைப் பக்கந்தானேங்க!”

முதல் பக்கத்தில், ஓட்டம் சாதனமாவதற்கும் இலக்காவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். இரண்டாம் பக்கத்தில், நகர்வது பையா மனிதனா என்று ஆராய்ந்தேன். மூன்றாம் பக்கத்தில், நடுநிலைக்காக எதிர்க்கட்சியின் வாதத்தை அவர்களைவிடத் திறமையாக நானே எடுத்துவைத்தேன்: அவன் ஓடாவிட்டால் சம்பளம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்காம் பக்கத்தில் முடிவு எனக்குச் சாதகமாக இருந்தது. அதற்கு முந்தைய மூன்று பக்கங்கள்தாம் இல்லை. அவன் என் தம்பி என்பது நான்கு பக்கங்களிலும் எங்கும் இல்லை. அதற்கும் நடுநிலை என்றே பெயர் வைத்துக்கொண்டேன்.

பதில் இரண்டே வாக்கியங்கள். தங்கள் விரிவான விளக்கத்திலிருந்து அவர் ஓடுவதற்காகவே சம்பளம் பெறுகிறார் என்பது ஐயமற விளங்குவதால், வருந்துகிறோம். தங்கள் ஆராய்ச்சித் திறனைக் கருதி, தேர்வுப் பந்தயத்தின்போது கூடவிருக்கும் அமெச்சூர் விதித் துணைக்குழுவில் உறுப்பினராகத் தங்களை அழைக்கிறோம்.

தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

“கடுதாசி தூக்கறவன்னு போட்டிருந்தா போதுமேண்ணா.”

“போதும்.”

“சரி, பேஜார் பண்ணிக்காதீங்க. நீங்க போங்க. மூணு மைல்ல ஜெயிக்கறவன் எப்படி ஓடறான்னு மட்டும் எனக்காகப் பாத்துட்டு வாங்க. மூச்ச எப்படி வெச்சிக்கறான், கடைசில எங்கேருந்து வேகம் எடுக்கறான்… அது தெரிஞ்சா போதும்.”

இப்படியாக, ஓடத்தெரிந்தவனை வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் சங்கத்தின் சார்பில் நான் மூன்று நாள் ரயிலில் வடக்கே போனேன்.

துணைக்குழு, மைதானத்தை ஒட்டிய கூடாரத்தில் கூடியது. என்னைப் போன்ற ஆறு பேர். ஓடுவது எவருடைய கடமையில் ஒரு பகுதியோ அவரைத் தொழில்முறைக்காரர் எனக் கருதலாகாது என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தேன். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மூன்று மைல் பந்தயம் தொடங்கிவிட்டது. கூட்டத்தைச் சற்று ஒத்திவைத்துப் பார்த்துவிட்டு வருவோமே என்றார் ஒருவர். என் திருத்தம் ஓட்டெடுப்புக்கு வரும் தறுவாயில் இருந்ததால் நான் ஆட்சேபித்தேன். ஆட்சேபணை ஏற்கப்பட்டது. என் பொதுவாழ்வில் நான் அடைந்த முழு வெற்றி அது ஒன்றுதான். துணியின் மறுபக்கம் ஆரவாரம் எழுந்து, உயர்ந்து, அடங்கியது. பிறகு என் திருத்தத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

திரும்பிய அன்று கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் தம்பி காத்திருந்தான். பெட்டியை வாங்குமுன்பே கேட்டான்.

“எப்படி ஓடினாண்ணா?”

“நான் பாக்கலடா.”

“மூணு நாள் ரயில்ல போயியா?”

“மீட்டிங் இருந்தது.”

“என்ன மீட்டிங்?”

“உன்ன மாதிரி ஆளுங்கள ஓட விடணும்னு.”

என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு, போர்ட்டர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். அது உண்மையான சிரிப்பு; கோபமாக இருந்தால் எனக்குச் சற்று வசதியாக இருந்திருக்கும்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வழக்கமான வேகத்தில் முன்னே போய்விட்டவன், வாசலில் நின்று நான் வரும்வரை காத்திருந்தான்.

“வாங்க, மெதுவாவே போலாம்.”

ஜட்கா வேண்டாம் என்றுவிட்டான். வீடு வரைக்கும் என் அடிக்குத் தன் அடியைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். நடந்துகொண்டே, நான் பார்க்காத அந்தப் பந்தயத்தை எனக்குச் சொன்னான். முதல் மைலில் ஜெயித்தவன் முன்னால் போயிருக்கமாட்டான். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஒட்டிக்கொண்டே வந்திருப்பான். முன்னால் ஓடுகிறவன் மூச்சு எங்கே உடைகிறது என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். கடைசிச் சுற்றுக்கு முந்தைய வளைவில் வேகத்தை அவிழ்த்துவிட்டிருப்பான்.

“அங்கதாண்ணா விட்டிருப்பான். இல்ல?”

“அங்கதான்டா,” என்றேன்.