சாம்பல் சூடு பார்க்க வந்தவர்

டெல்லியிலிருந்து வருகிறவர்கள் அடுப்புக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்களாம். சாத்தான்குளம் பக்கம் ஓர் ஊரில் சாம்பல் குளிர்ந்து கிடந்ததாம். அந்த ஊருக்கு வளர்ச்சியே இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்களாம். பஸ் கண்டக்டர் சொன்னதாக டீக்கடை தாஜ் முகம்மது சொன்னார். கண்டக்டருக்கு யார் சொன்னது என்று விசாரிக்கிற நிலையில் சண்முகசுந்தரி இல்லை.

ராதாபுரம் பக்கத்துக் கிராம சேவிகா அவள். தொண்ணூறுகளில் ஓர் ஊரின் நீடித்த வளர்ச்சியை அளக்க அரசாங்கம் கண்டுபிடித்த அளவுகோல்களில் ஒன்று புகையில்லா அடுப்பு. வீடு தவறாமல் போட்டுக் கொடுத்திருந்தாள். கூரைக்குக் கூரை குழாய் நிமிர்ந்து நின்றது. ஆனால் பதனீர் காய்ச்சுகிற கொப்பரை அந்தச் சின்ன வாயில் உட்காருமா? பெண்கள் முற்றத்துப் பழைய அடுப்பிலேயே காய்ச்சினார்கள், சோற்றையும் அதிலேயே பொங்கினார்கள். புது அடுப்பில், சாம்பல் மெத்தையில், கோழி அடைகாத்தது.

பாளையங்கோட்டைப் பக்கம் குறுக்குத்துறை ஆற்றில் குளித்து வளர்ந்த உடம்பு சண்முகசுந்தரிக்கு. இங்கே உப்புத் தண்ணீரில் தலைமுடி பாதி போயாச்சு. "டெல்லிக்காரர் மெச்சிட்டார்னா பாளையங்கோட்டைக்கு மாத்தச் சொல்லுதேன்" என்று பி.டி.ஓ. வாக்குக் கொடுத்திருந்தார். ஆற்றுக்கும் அவளுக்கும் நடுவே கிடந்தது ஒரு பிடி சாம்பல்.

"யக்கா, நாளைக்கு ஒருநா அந்த அடுப்பைப் பத்த வைங்க" என்று ஊரின் முதல் வீட்டு ஆவுடைத்தாயிடம் கெஞ்சினாள்.

"முட்டையெல்லாம் கூமுட்டையாப் போவுமே தாயி."

"எம் பொழப்பே கூமுட்டையாக் கெடக்கு!"

ஆவுடைத்தாய் தலையாட்டினாள். பற்றவைக்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் கோழியையும் முட்டையையும் ஓலைப்பெட்டியில் அள்ளிக் கொல்லைக்குக் கடத்தினாள். டெல்லிக்காரர் கையை விட்டார். சாம்பல் வெதுவெதுவென்று இருந்தது. மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"இந்தப் பழக்கம் நெலைச்சு நிக்குமான்னு கேக்காரு" என்றார் பி.டி.ஓ.

ஆவுடைத்தாய்க்கு விசுவாசம் பொங்கிவிட்டது. "எங்க சேவிகாம்மா இங்கன இருக்க வரைக்கும் ஒரு கொறையும் வராதுய்யா. அவிய போனா மறுநாளே இடிச்சிருவோம்!"

பி.டி.ஓ. அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். டெல்லிக்காரர் சண்முகசுந்தரியைப் பார்த்துக் கும்பிடாத குறை. இந்த அம்மாவை இங்கிருந்து அசைக்கவே கூடாது என்று மேலே எழுதப்போவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார்.

"என்னக்கா இப்பிடிச் சொல்லிட்டிய?"

"நல்லதுதான தாயி சொன்னேன்?" ஆவுடைத்தாய் முட்டைகளைப் பைய அடுப்புக்குள் அடுக்கினாள்.

மறுவாரம் சண்முகசுந்தரி போயிருந்த நேரத்தில் ஒன்றிய அலுவலகத்தில் போன் அடித்தது. பி.டி.ஓ. சாப்பிடப் போயிருந்தார்.

"கலெக்டர் ஆபீஸாத்தான் இருக்கும். மாறுதல் விஷயம்னு காலையிலயே சொன்னாவ. எடுங்கம்மா" என்றார் பியூன் சங்கிலிபூதத்தான்.

"நீரே எடுமே."

"ஒங்க தலையெழுத்தை நான் எதுக்கு எடுக்கணும்?"

ஆறா, உப்புத் தண்ணீரா என்று எடுத்தால்தான் தெரியும். போன் அடித்துக்கொண்டே இருந்தது.