பதினொரு கையெழுத்து

எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் ஒருவழியாகத் தாண்டிவிட்டு, ஸ்ரீரங்கத்தில் இரண்டு வருஷம் வேலையில்லாமல் சுற்றினேன். அப்பாவுக்குச் சித்திரை வீதியில் மளிகைக் கடை. இலையில் சோறு விழும்போதெல்லாம் 'தண்டச்சோறு' என்ற சொல்லும் சேர்ந்து விழும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்து என்ன, சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில், என்னைப் போன்ற பையன்களுக்கு மூன்று மாதச் சுகாதாரப் பயிற்சி என்று அறிவித்தார்கள். சம்பளம் கிடையாது, ஊருக்குச் சேவை. சாக்கடையைத் தள்ளிவிடுவது, தேங்கின தண்ணீரில் கொசு மருந்து ஊற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக் கொல்லைகளில் உறிஞ்சுகுழி தோண்டுவது. குழி வெட்டி, செங்கல் உடைசலும் ஜல்லியும் மணலும் நிரப்பினால் கழிவுநீரை மண் குடித்துவிடும். ஒவ்வொரு குழிக்கும் வீட்டுக்காரர் நம் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து அதிகம் வாங்கினவனுக்கு நகராட்சியில் சுகாதார மேஸ்திரி வேலை. இருப்பதோ ஒரே வேலை.

எனக்கு ஜோடியாகப் போட்டவன் கொள்ளிடத்துக்கு வடக்கே, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து பாலத்தில் நடந்தே வருவான். அவன் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறின முதல் ஆள். முதல் தடவையிலேயே தேறினவன், என்னை மாதிரி இல்லை.

அது ஆடி மாதம், காவிரி நிறைய ஓடியது. புத்தகத்தில் சொன்ன ஆழத்துக்கு நான் வெட்டின முதல் குழியில் அடியிலிருந்தே தண்ணீர் ஊறி நின்றது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"குழி வெட்டச் சொன்னா கிணறு வெட்டி வச்சிருக்கியேடா! சுத்தியும் ஆறு ஓடுது. ஆழம் வேணாம், அகலமா வெட்டு."

அப்படியே வெட்டினோம். நன்றாக நின்றது. பயிற்சியை நடத்தின சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கொல்லைக்குப் பின்னால் சந்து வழியாக இரண்டு பேரும் போவோம். தோண்டி முடிந்ததும் என்னை மட்டும் முன்கட்டுக்குக் கூப்பிடுவார்கள். மளிகைக் கடைப் பிள்ளை, தெரிந்த முகம். முதல் வீட்டு மாமி முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உன் நோட்டைக் கொடுப்பா, போட்டுத் தரேன். அவன் நோட்டையெல்லாம் நான் தொடமாட்டேன்."

எங்களுக்குப் பின்னால், அவன் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அந்த வீதிகளில் எல்லா வீட்டிலும் இதே கதை. அவன் நோட்டில் இரண்டே கையெழுத்து விழுந்தன. ஒன்று டீக்கடைக்காரருடையது, இன்னொன்று ஒரு வாத்தியாருடையது. என் நோட்டில் பதினொன்று.

"கவலைப்படாதடா," என்றேன். "கடைசி நாள் நானே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றேன். எல்லாம் சேர்ந்து தோண்டினது, பாதி உனக்கு. அகலமா வெட்டினதும் உன் யோசனைதான்னு சொல்லிடறேன்."

"சரிடா," என்றான். "வேலை கிடைச்சா தங்கச்சிய நடவுக்கு அனுப்பமாட்டேன். பள்ளிக்கூடத்துல சேத்துடுவேன். நல்லா படிக்கும் அது."

நான் சத்தியமாகச் சொல்லத்தான் இருந்தேன். இப்போதும் அதை நம்புகிறேன். நம்பி என்ன பிரயோஜனம்?

கடைசி நாள் இன்ஸ்பெக்டர் நோட்டுகளை மேஜையில் அடுக்கி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். மற்றவர்கள் யாரும் ஐந்தைத் தாண்டவில்லை. என் நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பதினொண்ணா! இத்தனையும் நீ தோண்டினதா?"

காலையில் இலைக்கு முன்னால் கேட்ட சொல் காதிலேயே இருந்தது. "ஆமாங்க சார்," என்றேன். வாய் தானாகச் சொன்னது என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

அவர் பக்கத்தில் நின்ற அவனிடம் திரும்பினார். "நீதானே இவன் ஜோடி? இவன் சொல்றது நெசமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன்.

"ஆமாங்க. அவருதாங்க தோண்டினாரு," என்றான்.

வேலை எனக்குக் கிடைத்தது. அப்பா கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார். நான் மட்டும் கொள்ளிடக் கரை வரை ஓடி, பாலத்தின் முகப்பில் அவனைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. வெட்கமில்லாமல் அவன் மேலேயே பாய்ந்தேன்.

"ஏண்டா அப்படிச் சொன்னே? இல்லேன்னு சொல்றதுதானே? உனக்கு வாயில்லையா?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லல. நான் சொன்னா யாரு நம்பப் போறா?"

பாலத்தில் ஏறி நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த போகத்தில் அவன் தங்கை நடவுக்குப் போனாள் என்று மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்குச் சரக்கெடுக்கப் போன அப்பாதான் வந்து சொன்னார். அவருக்கு அது வெறும் ஊர்ச் செய்தி.

ஓய்வு பெறும்வரை அந்த வேலையில் இருந்தேன். நல்ல பெயர்தான் வாங்கினேன். ஆனால் அவன் பாலத்தில் கேட்டது இன்றும் காதிலேயே இருக்கிறது. அவன் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்தான். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.