பின்கட்டு காலியான விதம்

குடித்தனக்காரரை வீட்டைவிட்டுக் கிளப்பச் சட்டம் சில காரணங்களை ஒப்புக்கொள்கிறது. வாடகையை வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம், உள்வாடகைக்கு விட்டிருக்கலாம், கட்டடத்தைப் பாழடித்திருக்கலாம், அல்லது வீட்டுக்காரருக்கே இடம் போதாமல் போயிருக்கலாம். காலையில் எதிரே வந்தால் வியாபாரம் படுத்துவிடுகிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் நான் குடியிருந்த வீட்டின் பின்கட்டு காலியானது அந்தக் காரணத்தால்தான்.

நான் அப்போது விழுப்புரத்தில் சப் கோர்ட்டில் தலைமை எழுத்தர். தினமும் பாசஞ்சர் வண்டியில் போய் வருவேன். வீடு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். முன்கட்டில் வீட்டுக்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி வைத்திருந்தார். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போய் வருகிற பக்திமான். நடுக்கட்டில் நாங்கள். பின்கட்டில், பிரம்பு நாற்காலி பின்னுகிற ஒருவரும் அவர் மனைவியும். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. தாலுகா ஆபீஸ், முன்சீப் கோர்ட், பள்ளிக்கூடம் என்று ஊரில் உள்ள அரசாங்க நாற்காலிகள் எல்லாம் அவர் கை பட்டவை. எல்லோரும் அவரை மேஸ்திரி என்பார்கள். மனைவி சத்துணவுக் கூடத்தில் ஆயா.

ஒன்பது வருஷமாக அங்கே இருந்தார்கள். கதவிலிருந்து கிணற்றுக்கு இருபத்திரண்டு அடி, கிணற்றிலிருந்து கக்கூஸுக்கு ஒன்பது அடி, சந்து முனைக்கு நூற்றுப் பதினாறு அடி என்று எல்லாக் கணக்கும் அவர் காலில் இருந்தது. அந்த வீட்டை விட்டால் அவருக்கு ஊரே கைவிட்டுப் போன மாதிரி. இது எனக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும்.

மூன்று கட்டுக்கும் ஒரே நடை. காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரர் மண்டிக்குக் கிளம்பும் நேரமும், மேஸ்திரி பிரம்புக் கட்டோடு கிளம்பும் நேரமும் ஒன்று. ஒரு சீசனில் மல்லாட்டை விலை இறங்கிக்கொண்டே போனது. ஊரில் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வீட்டுக்காரர் தன் நடையிலேயே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

“இன்னா சார் பண்றது, காலங்காத்தால அந்த மூஞ்சில முழிச்சிக்கினு போனா மூட்ட நகருமா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க” என்றார் என்னிடம்.

பத்து நிமிஷம் முன்பின்னாகக் கிளம்பிப் பாருங்களேன் என்றேன். தன் வீட்டிலிருந்து தான் கிளம்புவதற்கு நேரம் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். என்மேல் அவருக்குக் கோபம் வராது. கோர்ட்டு ஆள் என்பதால் எங்கள் கட்டுக்கு மட்டும் வருஷா வருஷம் வெள்ளையடித்துத் தருவார். பின்கட்டுச் சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரியும்.

அடுத்து வந்த படிகள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். விழுப்புரத்தில் கட்டுக்கட்டாகப் பார்த்தவைதான். முதலில் வாடகையை வாங்க மறுத்தார். வாங்காமல் சில மாதம் விட்டு, பிறகு வாடகை தரவில்லை என்று வழக்குப் போடுவது பழைய வித்தை. மணியார்டரில் அனுப்பச் சொன்னேன். அது திரும்பி வந்தது. திரும்பி வந்த ரசீதுகளை வைத்து, வாடகையைக் கோர்ட்டில் கட்ட மனுப் போடச் சொன்னேன். அந்த வித்தை அதோடு முடிந்தது.

பிறகு ஒரு நாள் கிணற்றுக் கயிறும் ராட்டினமும் காணாமல் போயின. வசதிகளை நிறுத்தினால் அதற்கும் ஒரு பிரிவு உண்டு. அந்த மனுவை நானே எழுதிக்கொடுத்தேன். அரசு ஊழியன் வழக்காடிகளுக்கு மனு எழுதித் தரக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. அந்த விதியின் எண்ணும் எனக்குத் தெரியும். கோர்ட் உத்தரவு போட்டது. வீட்டுக்காரர் பணிவாகப் புதுக் கயிறு வாங்கிக் கட்டினார். மறுநாள் காலையில் நடையில் மூன்று மல்லாட்டை மூட்டை கிடந்தது. மேஸ்திரி தடுக்கி விழுந்தார். அதற்கு மறுநாள் மூட்டை கிணற்றடிக்கு நகர்ந்திருந்தது. அதற்கும் மறுநாள் கக்கூஸ் வாசலுக்கு. தன் வீட்டு நடையில் தன் மூட்டையை ஒருவர் எங்கே வைக்கக் கூடாது என்று சட்டத்தில் பிரிவு கிடையாது. நான் தேடிப் பார்த்தேன்.

மேஸ்திரியின் முழங்காலில் காயம் ஆறவே இல்லை. அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவும் இல்லை. அவர் மனைவிதான் ஒவ்வொரு காலையிலும் முன்னால் போய் மூட்டையைத் தேடி, “இன்னிக்கி எடது பக்கம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்.

கடைசியில் வழக்கு வந்தது. மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும், முன்கட்டு போதவில்லை, பின்கட்டு வேண்டும் என்று மனு. கூடுதல் இடம் கேட்கும் இந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் சௌகரியத்தைவிடக் குடித்தனக்காரர் படும் கஷ்டம் பெரிதானால் மனுவைத் தள்ளிவிட வேண்டும். இதைப் படித்ததும் நான் சிரித்தேன். பாவம், எதிர்த்தரப்பு வக்கீல் இருக்கிற பிரிவுகளில் மோசமான பிரிவைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். கண் தெரியாத ஒருவரின் கஷ்டத்தைவிடப் பெரிதாக எதைத் தராசில் வைப்பார்கள்?

மூன்று சாயங்காலம் மேஸ்திரியை எங்கள் கட்டில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். வேறு இடத்தில் தனியாக நடமாட முடியாது என்று சொல்ல வேண்டும். தண்ணிக்கும் கக்கூஸுக்கும் ஆள் துணை வேண்டும் என்று சொல்ல வேண்டும். கூண்டில் ஏறும்போது மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படியில் கொஞ்சம் தடுமாறினாலும் தப்பில்லை. இதையும் நான் சொன்னேன். அவர் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பின்னலை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

“நானு தடுமார்றதே இல்லியே சார்” என்றார் ஒரு தடவை.

சட்டத்தில் அதற்கு இடர்ப்பாடு என்று பெயர், நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு என்று விளக்கினேன். விளக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

விசாரணை நாளில் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு திண்டிவனம் முன்சீப் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மேஸ்திரி மனைவியின் கையைப் பிடிக்கவில்லை. கோர்ட் வாசலிலிருந்து கூண்டு வரைக்கும் நேராக நடந்து, கட்டையைத் தொட்டுப் பார்த்து, தானாக ஏறினார். எத்தனை வருஷம் அந்த ஹாலில் உட்கார்ந்து நாற்காலி பின்னியவர்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. விருந்துக்கு வந்தவரைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“மேஸ்திரி, ஐயா உக்காந்திருக்கிற நாற்காலி யாரு பின்னுனது?”

“நான்தாங்க. அத மட்டும் ரெண்டு தபா பின்னுனேங்க. முன்ன இருந்த ஐயா கொஞ்சம் கனம்.”

ஹாலில் சிரிப்பு. முன்சீப்பும் சிரித்தார். மேஸ்திரியின் முகம் மலர்ந்துவிட்டது. வக்கீல் எங்கே கூட்டிப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“வூட்டுலேர்ந்து இங்க யாரு கூட்டியாந்தது?”

“யாருங்க கூட்டியாரணும்? நானேதான் வந்தேன்.”

“புதுத் தெருவுல குடி வெச்சா?”

“ரெண்டு நாளு நடந்தா எந்தத் தெருவும் நம்ம தெருதாங்க.”

“அப்போ ஒரு கஷ்டமும் இல்லன்னு சொல்லுங்க.”

மேஸ்திரி நான் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் வந்திருப்பதை எப்படித் தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது.

“கஷ்டம்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் போயி நின்னது இல்லீங்க” என்றார்.

முன்சீப் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டார்: வேறு இடத்துக்குப் போவதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. ஒரு மனிதன் நாற்பது வருஷம் கட்டிக்காத்த மானத்தை இப்படி ஒரே வரியில் சுருக்கும் வித்தை எனக்கும் கைவந்ததுதான். நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன்.

மனு அனுமதிக்கப்பட்டது. பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு. அது விழுப்புரத்துக்கு, என் மேஜைக்கே வந்தது. நானே எண் போட்டேன். எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியதும் மேஸ்திரிக்கு அங்கேயும் தோல்வி. கொடுத்த கெடு முடிவதற்கு முன்பே மேஸ்திரி காலி செய்துவிட்டார். அவர் மனைவி ஆயா வேலையை விட்டார். கண்டமங்கலத்தில் தன் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறைக்குக் கூட்டிப்போனார். திண்டிவனத்து நாற்காலிகளை அதன்பிறகு பிளாஸ்டிக் ஒயரில் பின்னினார்கள்.

வீட்டுக்காரர் நல்ல நாள் பார்த்துப் பின்கட்டில் பால் காய்ச்சினார். மகள் வரவில்லை, மாமியார் வீட்டிலேயே பிரசவம் என்று ஆகிவிட்டதாம். பூட்டு தொங்கியது. ஒரு மாதம் ஆயிற்று. அப்படிக் காலி செய்து வாங்கிய இடத்தில் ஒரு மாதத்துக்குள் குடியேறாவிட்டால், வெளியேற்றப்பட்டவர் இடத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அது எவ்வளவு பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். மனுவைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய், அங்கிருந்து கண்டமங்கலத்துக்குப் பாண்டிச்சேரி பஸ் பிடித்தேன்.

மேஸ்திரி கொட்டகை ஓரத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் இருந்தார். கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தது. பிடித்துக்கொண்டு நடக்க. நான் அதைப் பார்த்ததை அவர் மனைவி பார்த்தார். மனுவை வாசித்துக் காட்டினேன். நிச்சயம் ஜெயிக்கும், கைநாட்டு மட்டும் வைத்தால் போதும் என்றேன்.

“மறுபடியும் கூண்டுல ஏறணுமா சார்?”

ஏற வேண்டியிருக்கும் என்றேன்.

“ஏறி இன்னா சொல்லணும்?”

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி எனக்கு இலை போடச் சொன்னார். கேப்பைக் களியும் கீரையும். மை டப்பாவைப் பையிலிருந்து நான் வெளியே எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். விலை ஏறியிருந்ததோ என்னவோ, ரொம்ப உற்சாகம்.

“சார், பின்னாடி ரூமு சும்மாத்தான கெடக்குது. உங்க சாமான் எதுனா வெச்சிக்கோங்க. வாடகையெல்லாம் வேணாம்.”

வேண்டாம் என்றேன். அதைக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னதாக நினைவு. ஆனால் அந்த ஐப்பசி மழைக்கு எங்கள் விறகையெல்லாம் அங்கேதான் போட்டோம்.