கம்பளிக்குள் பொங்கிய மாவு

ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்ததும் குப்பென்று அடித்த அந்தப் புளித்த கள்ளு வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. நாட்டில் பெட்ரோலும் எரிவாயுவும் இல்லாமல் போன காலம் அது. பாட்டுப் போட்டுக்கொண்டு மலையேறி வந்து பாண் விற்கும் பேக்கரி ஆட்டோவும் ஒரு நாள் நின்றுபோனது. மற்ற வீடுகளில் ரொட்டி சுட்டுத் தின்று சமாளித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சமாளிக்க முடியவில்லை.

அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சோறு எரிந்தது, ரொட்டி குத்தியது, கஞ்சியை வாயில் வைத்ததுமே துப்பினார். பாணின் நடுப்பகுதியை மட்டும் "தேத்தண்ணி"யில் ஊறவைத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எப்படியோ விழுங்கிவிடுவார். அந்தப் பாணை நானே சுடுவது என்று முடிவுசெய்தேன்.

அம்மா விடிந்ததும் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பேர் கொடுக்க "பெரட்டு"க்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. அலைபேசியில் யாரோ ஒரு பெண் பாண் செய்து காட்டியதை நாலு தடவை பார்த்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீர் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் வீட்டில் ரொட்டிக்கு மா பிசைவது வேறு மாதிரி. "கொதிக்கக் கொதிக்க ஊத்துனாத்தான் மெதுவா வரும்" என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பழக்கிய கை, என்னைக் கேட்காமலே கேத்தலைச் சாய்த்துவிட்டது. ஈஸ்ட் அந்தக் கொதிநீரிலேயே செத்திருக்க வேண்டும். சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டு, கண் எரிய எரிய ஊதி நான் எடுத்தது ஒரு கல். அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல பாப்பா, இன்னொருக்கா செஞ்சு பாரு" என்றார். பேசுவதே அவருக்கு வலி.

மிச்சம் இருந்தது ஒரு கரண்டி ஈஸ்ட். மறுநாள் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன். ஆனால் மலை முழுக்கப் பனிமூட்டம். குளிரில் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. நான் அழுகிற மாதிரி நிற்பதைப் பார்த்து அப்பா கையசைத்துக் கூப்பிட்டார்.

"இங்க கொண்டா. எனக்குத்தான் காய்ச்சல் கொதிக்குதே."

கம்பளியை அவரே தூக்கி, மாவுச் சட்டியை வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கண்ணால் சிரித்தார்.

கால் மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய்க் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு லேசாக ஒரு உப்பல். பன்னிரண்டே காலுக்குச் சட்டி விளிம்பைத் தாண்டி நின்றது மாவு. "அப்பா, பொங்கிருச்சு!" என்று கத்தினேன். அவர் பேசவில்லை. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

லயத்துச் சனம் கூடிவிட்டது. நான் அடுப்பை மூட்டப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

"எழவு வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாது புள்ள."

"சுட்டு அவரு கையிலயாவது வைக்கிறேன் பெரியம்மா."

"சவத்தோட கெடந்த மாவு. கொண்டு போய்க் கொட்டு."

யார் வீட்டு அடுப்பிலும் அதற்கு இடமில்லை என்று தெரிந்தது. லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் "கானில்" கொட்டினேன். அங்கே கிடந்தும் அது மெல்ல உப்பிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் காலால் மிதித்தேன்.

இப்போது அம்மாவும் நானும் பண்டாரவளையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். கம்பளி அப்பாவோடு போய்விட்டது. கடை வேலை முடிந்து வந்து சின்ன மின்சார அடுப்பில் பாண் சுடுகிறேன், நன்றாகவே வருகிறது. ஒவ்வொரு திதிக்கும் படையல் போட்டுவிட்டு அம்மா அதே கேள்வியைக் கேட்கிறாள்.

"நீதானே பக்கத்துல இருந்த. அவரு எத்தன மணிக்குப் போனாரு?"

எனக்குத் தெரியாது. மாவு எத்தனை மணிக்குப் பொங்கியது என்று கேட்டால் சரியாகச் சொல்வேன்.