கேரவனுக்கு எலுமிச்சம்பழம்

கேரவனில் போகலாம் என்றது கல்லூரியில் படிக்கும் என் மகள். சரி என்றது என் கணவர். கேஸ் கசிந்தால் என்ன செய்வது என்று கேட்டது நான். குகட்பள்ளி வீட்டில் எங்கள் வேலைப் பங்கீடு எப்போதுமே இப்படித்தான்.

பேகம்பேட்டில் வாடகை வண்டியை ஒப்படைத்த ஆள் சொன்னதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பவள்போலக் கேட்டுக்கொண்டேன். ஓடும்போது கேஸ் வால்வு மூடியிருக்க வேண்டும். மேல் படுக்கையில் யாரும் படுத்து வரக்கூடாது. சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு முட்டுக்கட்டையும் வைக்க வேண்டும். தீயணைப்பு உருளை எங்கே என்று நான் மறுபடியும் கேட்டபோது மகள் என் துப்பட்டாவை இழுத்தாள். "நக்கோ அம்மா, போதும், ப்ளீஸ்!"

பின்னால் ஹாரன் அடித்த அவசரத்தில், டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காமலே கிளம்பிவிட்டோம். அது வழியெல்லாம் என்னை அரித்தது.

"வாடகை வண்டிக்கு யாராவது பூஜை போடுவாங்களா?" என்றார் கணவர்.

"வண்டிதாங்க வாடகை. உள்ள உட்கார்ந்திருக்கறது நம்ம பொண்ணு."

விகாராபாத் தாண்டி ஒரு ஏரிக்கரை. வண்டியின் முகம் ஏரியைப் பார்த்திருந்தது, தரை அந்தப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. முன் டயர்களுக்கு முட்டுக்கட்டை வைத்ததை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் படுத்தேன்.

காலையில் திரும்பக் கிளம்பும் முன் பூஜையை முடித்துவிடலாம் என்றேன். மகள் மேல் படுக்கையில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கேஸ் வால்வை நானே மூடினேன். கற்பூரத்தை வண்டியிலிருந்து தள்ளித்தான் ஏற்றினேன். இதைவிடப் பத்திரமாக யாரும் பூஜை செய்திருக்க மாட்டார்கள்.

கணவர் எலுமிச்சம்பழங்களோடு முன் டயரருகே குனிந்தார்.

"கட்டை இடிக்குதே. எடுத்துட்டு வைக்கறேன்."

"நடுவுல வைங்க. ஓரமா வெச்சா நழுவிடும்."

கட்டைகளை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பழங்களை அழகாக நடுவில் வைத்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். பழம் பிதுங்கியது. நல்லபடியாக நசுங்குகிறதே என்று ஒரு கணம் திருப்திகூட வந்தது. அப்புறம்தான், வண்டியை ஓட்ட வேண்டியவர் என் பக்கத்தில் நிற்கிறாரே என்று உறைத்தது.

கேரவன் ஆளில்லாமல் ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவசரம் ஏதுமில்லாமல், வாக்கிங் போகிறவர்போல. கணவர் முன்னால் ஓடி அதைக் கையால் தள்ளி நிறுத்தப் பார்த்தார். "நகருங்க!" என்று அவரிடம் கத்தினேன். அவர் ஓரமாகத் தாவினார். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கதவுக் கைப்பிடி என் விரலில் பட்டு நழுவியது. தண்ணீர் பக்கத்தில் தெரிந்தது.

கரையோரம் யாரோ குழி தோண்டிக் குவித்திருந்த செம்மண் மேட்டில் முட்டி, வண்டி ஒரு பெருமூச்சுபோலக் குலுங்கி நின்றது.

ஜன்னல் திறந்தது. கலைந்த தலையோடு மகள் எட்டிப் பார்த்தாள். எரியும் கற்பூரத்தையும், மண்ணில் உட்கார்ந்துவிட்ட அப்பாவையும், என்னையும் பார்த்தாள்.

"கியா ஹுவா? என்னாச்சு, கிளம்பியாச்சா?"

கணவர் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெல்லச் சொன்னார். "ஹேண்ட் பிரேக்கைப் பாதிதான் இழுத்திருக்கேன். ராத்திரி பூரா கட்டைதான் தாங்கியிருக்கு."

விஷயம் புரிந்ததும் மகளுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "லெமன் நசுங்கிடுச்சுல்ல? பூஜா சக்சஸ், அம்மா."

சிரித்தேன். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் அவள் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"ஹாத் சோடோ நா, கையை விடும்மா. வேர்க்குது."

"வேர்க்கட்டும்."

பேகம்பேட் வந்தது. கணவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இறங்கலாமா?" என்றார்.

நான் அசையவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹேண்ட் பிரேக்கை, இதற்குமேல் வராது என்கிற வரைக்கும், கரகரவென்று இழுத்தார். அந்தச் சத்தம் முழுதாக முடிந்த பிறகுதான் அவள் கையை விட்டேன்.