இரண்டாவது தட்டு

எங்கள் தையல் கூடத்தில் அவளுக்குப் பொத்தான் அக்கா என்றே பெயர். சட்டைக்குப் பொத்தான் வைப்பது அவள் வேலை. பக்கத்து மேசையில் இஸ்திரி போடுவது என் வேலை.

நாலு வருஷத்துக்கு முன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டாள். "தொடைக்கவும் அடுக்கவுமே பொழுது போயிடுது. கடவுள்கிட்ட ரெண்டு வார்த்தை பேச நேரமில்ல" என்றாள். அவள் அறையில் ஒரு பாய், ஒரு சட்டி, மாற்றுத் துணி, இரண்டு தட்டு. ஒன்று அவளுக்கு, இன்னொன்று எப்போதாவது வரும் தங்கைக்கு. தினமும் காலையில் ஜன்னலோரம் கண்மூடி உட்கார்ந்துவிட்டு, கழுவி வைத்த முகத்தோடு வேலைக்கு வருவாள். அந்த நிம்மதியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதும் உண்டு.

போன குளிருக்கு, அக்கா இல்லாத நேரம் பார்த்து, அந்தத் தங்கை எங்கள் கூடத்து வாசலில் வந்து அழுதாள். "அக்கா வெறுந்தரையில படுத்துக் கெடக்கா. வாயத் தொறந்து கேக்க மாட்டா. நான் சொன்னேன்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப் போயிடுவா."

அக்காவுக்கென்று தங்கை கையில் நான் கம்பளி கொடுத்தேன். துணி வெட்டுகிற அண்ணன் நாற்காலி கொடுத்தார். முதலாளி வீட்டிலிருந்து ஒரு மின்விசிறி. அக்கா மனம் நோகக்கூடாதென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

இந்த வருஷம் குளிர் தொடங்கிய அன்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கம்பளி கதகதப்பா இருக்காக்கா?"

"எந்தக் கம்பளி?"

வெட்டுகிற அண்ணன் சிரித்தார். "அப்ப என் நாற்காலில யாரு கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கா?"

அக்காவின் ஊசி நின்றது. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வேறு வழியில்லாமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

சாயங்காலம் நானும் அக்காவுமாகத் தங்கை வீட்டுக்குப் போனோம். விசிறி கூரையில் மாட்டியிருந்தது. நாற்காலியில் என் கம்பளி மடித்துக் கிடந்தது.

தங்கை முகம் ஒரு நொடிதான் வெளுத்தது. "நீதான் எதுவும் வேணாங்கறவளாச்சே. வர்றத ஏன் விடணும்? உனக்கு இதுல என்ன கொறஞ்சு போச்சு?"

"சாமானப் பத்தி யாருடி கேட்டா? நான் நிம்மதியா இருக்கேன்னு மொதல்ல உங்கிட்டதானே சொன்னேன். நீ வெளிய என்னன்னு சொன்ன?"

"அக்கா தரையில படுக்கறான்னு சொன்னேன். பொய்யா?"

அக்கா திரும்பி வாசலுக்கு நடந்தாள். என் கம்பளியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் கூடத்தில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள்: "நீங்க குடுத்தது எதுவும் எனக்கு வரல. எனக்குத் தேவையும் இருந்ததில்ல."

அவள் நகர்ந்ததும் வெட்டுகிற அண்ணன் என் காதைக் கடித்தார். "பாவம், எப்படி மறைக்கிறா பாரு."

விடுமுறை நாள் காலையில் அவள் அறைக்குப் போனேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது.

"கண்ண மூடினா அவ கூடத்து வாசல்ல அழுததுதான் தெரியுது. நான் பாக்கவே இல்ல, இருந்தும் தெரியுது. இந்த ரூம் எவ்வளவு விசாலமா இருந்துச்சு! இப்ப ஒண்ணுமில்லாத ரூமாத் தெரியுது."

கடவுளே, இவளுக்கு அந்தக் காலை நேரத்தையாவது திருப்பிக் கொடு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"சாப்ட்டுட்டுப் போ" என்று எழுந்து, இரண்டாவது தட்டைக் கழுவி என் முன்னால் வைத்தாள். அது யாருடைய தட்டென்று எனக்குத் தெரியும். அவள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சாப்பிடு. இனி அது சும்மாதான் இருக்கும்" என்றாள்.