பதில் சொல்லாமல் நின்ற சனிக்கிழமை

எங்கள் வீட்டுக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாத ஆள் நான். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டவன். தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

எங்கள் வீடு மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம். ஆளுக்கு ஒரு அறை, ஒரு சமையல் மேடை. கழிப்பறை மட்டும் பின்பக்கம், எல்லோருக்கும் பொது. முன்பு அதற்குத் தாழ்ப்பாள் இருந்தது. ஒருநாள் கடைசிப் போர்ஷன் பையன் உள்ளே போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் அலறினான். கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தோம். வீட்டுக்காரர் புதுக் கதவு போட்டார். தாழ்ப்பாள் போடவில்லை. கேட்டதற்கு, "மறுபடி உடைக்கறதுக்கா? இஷ்டம் இருந்தா இருங்க, இல்லன்னா காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பெரியவர்கள் உள்ளே போனால் இருமுவார்கள், வாளியைத் தட்டுவார்கள், செல்போனில் சத்தமாகப் பாட்டுப் போடுவார்கள். குழந்தைகள் போனால் வீட்டு ஆள் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். என் மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும், நான் வெளியே இருக்கிறேனா என்று கேட்பாள்: "அப்பா, கீறியா?"

"கீறேன்டா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கீறியா?"

"கீறேன், கீறேன்."

இது ஒரு பழக்கம் என்றே எங்களுக்குத் தெரியாது. சோறு பிசைந்து ஊட்டுவதைப் போல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அவளுக்கு எல்கேஜி சேரும் வயது வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். பணம் கட்டிச் சேர்க்க எங்களால் ஆகாது. அரசாங்க ஒதுக்கீட்டு இடத்துக்கு எழுதிப் போட்டோம். குலுக்கலில் அவள் பெயர் வந்தது. என் மனைவி மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். அங்கேயெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நான் தி. நகரில் ஒரு கேட்டரிங்காரரிடம் வண்டி ஓட்டுகிறேன். விடியும் முன் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவேன். அதனால் பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டதெல்லாம் என் வேலை என்று ஆயிற்று.

மே மாதம் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். ஏசி ஹால். எல்கேஜிக்குப் பொறுப்பான மேடம் திரையில் படம் போட்டுச் சொன்னார். குழந்தை டிஃபன் பாக்ஸைத் தானே திறக்க வேண்டும். ஷூவைத் தானே மாட்ட வேண்டும். பெல் அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும், முன்னால் இருப்பவரைத் தள்ளக் கூடாது. பேச வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர வேண்டும்.

"ஃபர்ஸ்ட் வீக் பாப்போம். செட் ஆகலைன்னா குழந்தை இன்னும் ரெடி ஆகலன்னு அர்த்தம். அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பணம் கட்டுகிறவர்கள் அடுத்த வருஷமும் வரலாம். எங்களுக்குக் குலுக்கல் இன்னொரு தடவை வராது. அது அந்த மேடத்துக்கும் தெரியும்.

முன்வரிசையில் ஒரு அப்பா எழுந்தார். நல்ல சட்டை. "ஃப்ரீ சீட்ல வர்றவங்களுக்கும் இதே ரூல்தானே மேம்? இல்ல, அவங்க வீட்ல இதெல்லாம் சொல்லித் தர டைம் இருக்குமான்னுதான்" என்று இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "சார், என் பொண்ணு இப்பவே டிஃபன் பாக்ஸ் தொறப்பா. உங்க பையனுக்கும் சேத்துத் தொறந்து குடுக்கச் சொல்லட்டுமா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

அந்த ரோஷத்தில் மே மாதம் முழுக்க வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினேன். தட்டில் கரண்டியால் தட்டினால் அது பெல். காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். கேட்டரிங்கில் இருந்து மூடி இறுக்கமான சின்ன டப்பாக்களைக் கொண்டுவந்து திறக்க வைத்தேன். ஷூவில் இடது வலது மாறாமல் இருக்க உள்பக்கம் கோடு போட்டேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த வகுப்பில் என் மகளைப் போல் தயாரான குழந்தை இல்லை என்று நிச்சயமாக நம்பினேன்.

முதல் நாள் மதியம் கேட் அருகே போனேன். காலையில் போட்டுப்போன யூனிஃபார்ம் அவள் உடம்பில் இல்லை. யாருடைய பழைய டவுசரையோ மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கேரி பேக்கோடு நின்றாள். உள்ளே நனைந்த துணி.

எல்கேஜி ஆயாம்மா அவளுக்குப் பின்னாலேயே வந்தார். "இன்னாப்பா புள்ள வளத்துக்கீற? பாத்ரூம் போவத் தெரியாததக் கொண்டாந்து வுட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற. தொடைக்கறது யாரு, உன் மாமியாரா?"

"போவத் தெரியும்மா அவளுக்கு. வூட்ல ஒருநாள் கூட நனைச்சதில்ல."

"அப்ப வூட்லயே வெச்சுக்க."

சந்து வரைக்கும் மகள் கேரி பேக்கை இடுப்போடு அணைத்துக்கொண்டே நடந்தாள். அப்புறம் சொன்னாள்: "கூப்ட்டேன்ப்பா. வெளிய யாருமே சொல்லல."

"இன்னா சொல்லல?"

"கீறேன்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தன்று பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைக் காட்டினார்கள். குழந்தைகள் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அரைக்கதவு வைத்திருந்தார்கள். மேலேயும் திறப்பு, கீழேயும் திறப்பு, தாழ்ப்பாள் இல்லை. கதவில் வாத்துப் படம் ஒட்டியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே யாரும் பதில் சொல்லாத கதவுக்குப் பின்னால் என் மகள் எப்படி உட்காருவாள்? யோசிக்கவில்லை.

இரண்டாம் நாளும் கேரி பேக். மூன்றாம் நாள் துணி காய்ந்திருந்தது. ஆனால் தண்ணீர் பாட்டில் காலையில் கொடுத்தபடியே நிறைய இருந்தது. உதடு வெடித்திருந்தது. வெள்ளைத் தோலை நாக்கால் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். "அப்பா வா, அப்பா வா" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, வாட்ச்மேனோடு சண்டை போட்டு உள்ளே போனேன். மேடத்திடம் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், ஒரு குழந்தைக்காக டோர்ல ஆள் நிறுத்த முடியாது."

"ஆள் வேணாம் மேடம். ஆயாம்மா அங்கதான் நிக்கறாங்க. ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும் சார்."

"சொல்லுங்களேன். வாய் வலிக்குமா?"

பக்கத்தில் நின்ற ஆயாம்மாவுக்கு வந்ததே கோபம். "த்தோ பாரு, இத்தினி புள்ளைங்களுக்குக் கழுவி வுடறேன். அதுல உன் பொண்ணுக்குப் பாட்டு வேற பாடணுமா? அவ்ளோ இருந்தா நீயே வந்து நின்னு சொல்லு."

"உள்ள வுடு, சொல்றேன்."

"பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமாண்ட ஆம்பளைக்கு இன்னா வேலை? போலீஸக் கூப்டவா?"

மேடம் கையை உயர்த்தினார். வகுப்பில் குழந்தைகளை அடக்குவதைப் போல எங்கள் இரண்டு பேரையும் அடக்கினார். "மண்டே வரைக்கும் டைம் தரேன். நீங்களே வீட்ல பழக்கிக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா பேப்பர்ஸ திருப்பி வாங்கிக்கலாம்."

கையில் இருந்தது சனி, ஞாயிறு. வேலைக்குப் போகவில்லை.

வெள்ளி ராத்திரியே மகளிடம் சொன்னேன். "நாளைக்கு நான் வெளிய நிப்பேன். ஆனா பேசமாட்டேன். நீ கேட்டாலும் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"ஸ்கூல்ல யாரும் சொல்லமாட்டாங்க இல்ல, அத்தொட்டு."

"நீ இன்னா ஸ்கூலா?" என்றாள்.

சனிக்கிழமை காலை அவள் உள்ளே போனாள். "அப்பா, கீறியா?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"அப்பா?"

கதவுக்கும் எனக்கும் நடுவே ஒரு கை தூரம். கீழ் இடுக்கில் அவள் கால் விரல்கள் கதவைப் பார்த்துத் திரும்பி நிற்பது தெரிந்தது.

"அப்பா! கீறியா? அப்பாஆ!"

அவள் அலறியதில் மாவு அரைத்து விற்கிற பக்கத்துப் போர்ஷன் அக்கா வாளியோடு வந்துவிட்டார். "யோவ், இங்கதான நிக்கற? வாயில இன்னா கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்!"

நான் சைகையில் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. கதவைப் பார்த்துக் குனிந்து, "நான் கீறேன்டி கண்ணு, அக்கா கீறேன், நீ போ" என்றார்.

"உன்ன யாருக்கா கேட்டா?" என்று நான் கத்தினேன். "நான் இங்க இன்னா பண்ணிக்கினு கீறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுது, தெரியுது. பெத்த பொண்ணு கூப்புடுது, நீ பொணமாட்டம் நிக்கற. இத்தினி வருசமா இந்தக் காம்பவுண்டுல ஒரு புள்ளையக் கூட இப்டி அழ வுட்டதில்ல. பெரிய இஸ்கூலாம். த்தூ."

மற்ற போர்ஷன்காரர்களும் வந்து நின்று என்னைப் பார்த்தார்கள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கதவைத் திறந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனாள். கால் எல்லாம் நனைந்திருந்தது.

மதியமும் அதையே செய்தேன். சாயங்காலமும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் மனைவி வாசலில் நின்று என் முதுகைப் பார்த்தாள். "சீட்டு போயிடும்டி" என்றேன். "போவட்டும்" என்றாள். ஆனால் வந்து தடுக்கவில்லை. அவளுக்கும் அந்த இடம் வேண்டும். அதனால்தான் என் மேல் அவ்வளவு கோபம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் என்னைக் கூப்பிடாமலே பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே ஓடி நின்றேன். கதவு சாத்திக்கொண்டது. "கீறியா" என்ற கேள்வியே வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் நின்றுவிட்டது. இடுக்கில் கால் தெரியவில்லை. வழுக்கி விழுந்திருப்பாளோ என்று கதவில் காதை வைத்தேன்.

"பாப்பா?" என்றேன்.

பதில் இல்லை.

"பாப்பா, கீறியாடா?"

இல்லை.

"பாப்பா!" கதவைத் தள்ளிவிட்டேன்.

எல்லாம் முடித்து, டவுசரைச் சரியாக மாட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி நின்றிருந்தாள். என்னை முறைத்தாள். நான்கு வயதுக் குழந்தை அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை. "உள்ள ஆள் இருந்தா தள்ளக் கூடாது, தெரியாதா?" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

திங்கட்கிழமை மதியம், காலையில் போட்டுப்போன அதே யூனிஃபார்மில் வந்தாள். துணி காய்ந்திருந்தது, தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. ஆயாம்மா என்னைப் பார்க்காமல் வேறு குழந்தையின் ஷூவைத் தேடுவதைப் போல நின்றார். மேடம்தான் கேட் வரைக்கும் வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"பாத்தீங்களா சார், குழந்தைங்க சீக்கிரம் கத்துப்பாங்க. பேரன்ட்ஸ்தான் பிடிச்சு வெச்சுக்கறீங்க. இனி ஒரு பிரச்சினையும் இல்ல, அவ கன்டின்யூ பண்ணலாம்."

"ஒரு வார்த்தை மேடம். ஒரே வார்த்தை. அத உங்களால சொல்ல முடியல" என்றேன். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. நன்றி சொல்லாமல் திரும்பினேன். இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் நன்றி சொல்லவில்லை. அவள் இப்போது அங்கே இரண்டாம் வகுப்பு.

அந்தத் திங்கட்கிழமை வழியெல்லாம் அவள் பையை என்னிடம் தரவில்லை. சாயங்காலம் அவள் பின்பக்கம் கிளம்பியபோது, பழக்கத்தில் நானும் எழுந்தேன்.

"நீ வராத" என்றாள். "அம்மா வரட்டும்."

மனைவி அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். நான் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா, கீறியா?"

"கீறேன்டி தங்கம்! அம்மா இங்கதான் கீறேன், எங்கியும் போவமாட்டேன்!" என்று காம்பவுண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி என் மனைவி சொன்னாள். அவ்வளவு சத்தம் கதவுக்கு உள்ளே இருந்தவளுக்குத் தேவையில்லை.